பிறை பார்க்காத திமிங்கலம்

கடைத்தெருவில் சிக்கந்தரின் ஜவுளிக்கடைக்குள் நுழைகிற எவரும் அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் காதில் வாங்குவார்கள். இந்தச் சேலை மாதிரி பினாங்குத் தீவிலேயே இன்னொன்று கிடையாது என்று அவர் சத்தியம் செய்தால், உள்ளறையில் அதே சேலை இன்னும் ஒரு கட்டு கிடக்கிறது என்று அர்த்தம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவர் யாரையும் ஏமாற்றியதில்லை; ஏமாறுகிற அளவுக்கு அவரை யாரும் நம்பியதுமில்லை. கடுகை மலையாக்கிப் பேசுவது அவருக்கு வெற்றிலை போடுகிற மாதிரி ஒரு பழக்கம், வாய் சும்மா இருக்காது.

அவருக்கு வாய்த்த மனைவி நூர் பீவி நேர் எதிர். உள்ளதை உள்ளபடி சொல்வாள், அதிலும் கேட்டால்தான் சொல்வாள். பாலிக் புலாவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். டுரியான் பழத் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவள். டத்தோ கிராமாட்டில் இருந்த சிக்கந்தரின் வீட்டுக்கு வாழ வந்தபோது அங்கே மாமியார் இல்லை. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொள்ள நாத்தனார் இருந்தாள், சித்தி ஆயிஷா என்று பெயர். கணவனை இழந்தவள், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில். அந்த வீட்டில் ஒரு விஷயம் உண்மையாக வேண்டுமென்றால் அது சித்தி ஆயிஷாவின் வாயிலிருந்து வர வேண்டும். மழை பெய்கிறது என்று நூர் பீவி சொன்னால் போதாது. சித்தி ஆயிஷா முற்றத்துக்கு வந்து கையை நீட்டிப் பார்த்து "ஆமா, மழைதான்" என்ற பிறகுதான் துணியை எடுப்பார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் போயும் போயும் ஒரு திமிங்கலத்தைப் பார்த்துத் தொலைத்தாள்.

அது ஒடுக்கத்துப் புதன் அன்று. ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை அது. அன்றைக்கு மாவிலையில் ஓதி எழுதிய எழுத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பீடையெல்லாம் கடலோடு போகட்டும் என்று குடும்பம் குடும்பமாகத் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். வருஷம் முழுக்க வாசற்படியைத் தாண்டாத பெண்கள்கூட அன்று கடலில் கால் நனைக்கலாம். பஸ் பிடித்து, சோற்றுச் சட்டி, பாய், குழந்தைகள், சண்டைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெண்கள் குளிக்கிற பக்கம் சிக்கந்தரின் கடைத்துணிதான் மறைப்பாகக் கட்டியிருக்கும்.

குளித்து முடித்த நூர் பீவி நனைந்த கைலியை மாற்றுவதற்காகக் கோடியில் இருந்த பெரிய பாறைக்குப் பின்னால் போனாள். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. யாரோ பக்கத்தில் நின்று நீளமாகப் பெருமூச்சு விட்ட சத்தம் கேட்டது. பதறிப் போய்க் கைலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். யாரும் இல்லை. கூப்பிடு தூரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு புகை நின்று கலைந்தது. அதன் கீழே கறுப்பாக, பளபளவென்று ஒரு முதுகு உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது. இதோ முடிந்தது என்று நினைத்தால் இன்னும் வந்தது. கடைசியில் சின்னதாக ஒரு துடுப்பு தலைகாட்டிவிட்டு உள்ளே போனது. மறுபடியும் ஒரு மூச்சு, இன்னும் தள்ளி. அவ்வளவுதான். கடல் ஒன்றும் நடக்காதது போல மூடிக்கொண்டது.

நூர் பீவிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயம் துளியும் இல்லை. இத்தனை பெரிய உயிர் இத்தனை அமைதியாகப் போகிறதே என்ற வியப்புத்தான். அரைகுறையாகக் கட்டிய கைலியோடு ஓடிவந்து சொன்னாள். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கடல் கடலாக இருந்தது.

"மரக்கட்டையா இருக்கும்லா," என்றாள் சித்தி ஆயிஷா, சோற்றைக் கிளறியபடி.

"மரக்கட்டை மூச்சு விடுமா மச்சி?"

கேள்வி நியாயமானது. ஆனால் நாத்தனாரிடம் கேட்கக் கூடாத கேள்வி. சித்தி ஆயிஷா அகப்பையைச் சட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டில் நூர் பீவியின் பேர் கெட்டது. அதற்குப் பிறகு வீட்டில் பால் திரிந்துவிட்டது என்று நூர் பீவி சொன்னால், மச்சி "திமிங்கலம் பார்த்த கண்ணுல்ல, எதுக்கும் நானே பார்க்கிறேன்" என்பாள். உப்பு போட்டாயிற்று என்றால், தானே ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். சின்ன விஷயங்கள்தான். ஆனால் உண்மையை மட்டுமே பேசுகிறவளுக்கு அவள் சொல் செல்லாமல் போனால் கையில் வேறென்ன இருக்கிறது? தான் பார்த்தது பொய்யில்லை என்று மச்சி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயால் சொல்லிவிட வேண்டும். நூர் பீவிக்கு அது போதும்.

சிக்கந்தர் மட்டும் கேட்ட மாத்திரத்தில் நம்பினார். "நீ பார்த்தேன்னா பார்த்ததுதான்," என்றார். நூர் பீவிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாளே திமிங்கலத்தைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் வாரம் அது சாம்பான் படகு நீளம் இருந்தது. நோன்பு வருவதற்குள் நாகப்பட்டினம் கப்பல் நீளத்துக்கு வளர்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அது தலையைத் தூக்கி நூர் பீவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

"நான் முதுகையும் மூச்சையும்தாங்க பார்த்தேன்," என்று அவள் கெஞ்சினாள்.

"முதுகு இருந்தா கண்ணு இருக்காதா புள்ள?" என்றார் அவர்.

எதிர்க்கடை அப்துல் காதர் ஒருநாள் மடக்கினார். "அண்ணே, அது மறுபடி வருமா? நாங்களும் பார்க்கணும்லா." சிக்கந்தர் வீட்டுக்கு வந்து அதையே கேட்டார். நூர் பீவி யோசித்தாள். பாலிக் புலாவ் வானத்தில் பருந்துக் கூட்டம் வருஷா வருஷம் காலம் தவறாமல் வந்து போவதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். "வரும்ங்க. அதுங்களுக்கு ஒரு காலக்கணக்கு இருக்கு. அடுத்த ஒடுக்கத்துப் புதனுக்கு வரும்," என்றாள். யாருக்கும் வாக்குக் கொடுத்துப் பழகாதவள் கொடுத்த வாக்கு அது.

அடுத்த ஒடுக்கத்துப் புதனுக்குத் தஞ்சோங் பூங்காவில் பாதிக் கடைத்தெருவே கூடிவிட்டது. அப்துல் காதர் தூரம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். சிக்கந்தர் மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டையும் புதுத் தொப்பியுமாக, கடலே தன்னுடையது என்பது போல் கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். சித்தி ஆயிஷா பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். நூர் பீவி பாறையருகிலேயே நின்றாள்.

காலை போனது. லொஹர் தொழுகை முடிந்தது. சோறு முடிந்தது. வேலையற்ற ஒரு தென்னை மரம், மட்டையோடு மிதந்து வந்தது.

"அண்ணே," என்றார் அப்துல் காதர் கண்ணாடியை இறக்காமல், "உங்க திமிங்கலம் குருத்து விட்டிருக்கு."

அந்தச் சிரிப்பு கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனது. குழந்தைகள் அர்த்தம் புரியாமலே கூடச் சிரித்தார்கள். சிக்கந்தரும் சிரித்தார். நூர் பீவி அவர் கையைப் பார்த்தாள். தொப்பியின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தன்னைக் கேலி செய்ததைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். தன்னை நம்பிய ஒரே மனிதரைத் தன் வார்த்தை நடுக்கடற்கரையில் இப்படி நிறுத்திவிட்டதே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் டுரியான் கேட்டு அழுதார்கள். வழக்கமாக நிறுத்துகிற முச்சந்தியில் ஒரு பழம்கூட இல்லை. "ஒண்ணும் வெளங்காத நாளு," என்றாள் சித்தி ஆயிஷா. யாரைச் சொன்னாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் சிக்கந்தர் திமிங்கலத்தைப் பற்றிப் பேசவில்லை. மனைவியைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிட்டார், போனார், வந்தார். அவர் பேசாத வீடு என்னவோ போல இருந்தது.

சில நாள் கழித்துப் பாலிக் புலாவிலிருந்து நூர் பீவியின் அத்தா ஒரு கூடை டுரியான் அனுப்பியிருந்தார். இந்தப் பருவத்தின் முதல் பழம். சமையற்கட்டில் சித்தி ஆயிஷா ஒன்றைப் பிளந்து மோந்து பார்த்தாள். "இப்பத்தான் விழுவுது போல. போன வருஷம் ஒடுக்கத்துப் புதனுக்கு ரோட்டோரம் கொட்டிக் கெடந்துச்சு. பஸ்ஸுக்குள்ள வாடை தாங்கல," என்றாள்.

நூர் பீவி கையில் சுளையோடு அப்படியே நின்றாள். போன வருஷம் அன்றைக்குப் பழம் கொட்டிக் கிடந்தது. இந்த வருஷம் அதே நாளில் ஒரு பழம் இல்லை. டுரியான் தாமதித்துவிட்டதா? தோப்பில் வளர்ந்தவள் அவள், மரம் தாமதிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். புதன்தான் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பிறைக் கணக்கில் ஓடுகிற மாதங்கள் வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முந்திக்கொண்டே போகின்றன. நோன்பு ஒரு காலம் மழையில் வரும், ஒரு காலம் வெயிலில் வரும். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பெருநாளையும் கந்தூரியையும் கல்யாணத்தையும் பிறையைக் கொண்டே வைத்துப் பழகிய புத்தி, திமிங்கலத்துக்கும் அதே பிறையை வைத்துவிட்டது. காற்றுக்கும் மீனுக்கும் வருகிற பிராணியை ஸபர் மாதத்துக்கு வரச் சொன்னால் அது எப்படி வரும்?

மறுநாள் காலையில் சிக்கந்தர் பசியாறிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "பிறை தப்பாது புள்ள. நாம பார்த்துத்தானே புதனுக்குப் போனோம்."

"பிறை தப்பலைங்க. அது என்ன நோன்பா பிடிக்குது, பிறை பார்த்து வர? டுரியான் விழற காலம்தான் அதோட காலம். போன வருஷம் நல்லாக் கொட்டற நேரத்துல வந்துச்சு. இப்பதான் விழ ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மூணு நாள்ல போனா..."

சொல்லிவிட்டுத்தான் நூர் பீவி யோசித்தாள். இன்னொரு தடவை போய், இன்னொரு தடவை ஒன்றுமில்லாமல் திரும்பினால் அவர் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. தன் பேச்சை இனி ஜென்மத்துக்கும் நம்பவும் மாட்டார். அவள் ஒரு பொய்க்காரிக்கு இருக்கிற மரியாதையோடு அந்த வீட்டில் காலம் தள்ள வேண்டியதுதான்.

சிக்கந்தர் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். "வெள்ளம் தலைக்கு மேல போயாச்சு. இனிமே சாண் போனா என்ன, முழம் போனா என்ன," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்காகிட்ட பாலிக் புலாவ், அத்தா வீட்டுக்குப் போறோம்னு சொல்லு."

அதற்கு மறுநாளைக்கு மறுநாள் விடிந்ததும் வாடகை கெரேத்தா, அதாவது கார், ஒன்றை அமர்த்திக்கொண்டு இருவரும் தஞ்சோங் பூங்காவுக்குப் போனார்கள். கெரேத்தாக்காரர் ஒரு வேப்ப மர நிழலில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கிவிட்டார். கரையில் வேறு ஈ காக்கை இல்லை. ஒடுக்கத்துப் புதன்களில் மட்டுமே நூர் பீவி பார்த்திருந்த இடம், கூட்டமும் மறைப்புத் துணியும் இல்லாமல் வேறு ஊர் போல இருந்தது.

கூட்டம் இல்லாதபோது கடற்கரை யாருடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் வற்றிய மணலில் சின்னச் சின்ன நண்டுகள் மணலை வாயில் போட்டு உருட்டி, மிளகு மிளகாக வெளியே வைத்தன. ஒவ்வொன்றும் தன் வளையைச் சுற்றி அழகாகக் கோலம் போட்ட மாதிரி அடுக்கியிருந்தது. ஒரு குரங்கு குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு பாறை இடுக்கில் கைவிட்டு நண்டு தேடியது. கடிபட்டதும் கையை உதறி, சுற்றிலும் யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்தது. நூர் பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நீர்நாய்கள் வந்தன. கரையேறி, மணலில் புரண்டு முதுகைத் தேய்த்து, ஒன்றையொன்று கடிப்பது போல் விளையாடி, மறுபடி வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயின.

"அஞ்சு," என்றார் சிக்கந்தர். "கடையில பத்துன்னு சொல்லலாம்."

"அஞ்சுதாங்க."

"சரி, ஏழு."

வெயில் ஏறியது. வயிறு வெள்ளையாக இருந்த ஒரு கடற்கழுகு, சிறகை அசைக்காமல் வட்டம் போட்டது. இரண்டு வட்டத்துக்கு ஒரு தடவை சிக்கந்தர் மரத்தடி கெரேத்தாவைத் திரும்பிப் பார்த்தார். போகலாமா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நூர் பீவிக்குத் தெரியும். அவள் மனசுக்குள் ஓதத் தொடங்கினாள். யா அல்லாஹ், எனக்காக இல்லாவிட்டாலும் இந்த மனிதருக்காக.

முதலில் வந்தவை ஆலாப் பறவைகள். எங்கிருந்தோ ஒன்று, பிறகு பத்து, பிறகு வானத்தில் அரிசியை வாரி இறைத்தது போல ஒரே வெள்ளை. எல்லாம் ஒரே இடத்தில் கூச்சல் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தன. அந்த இடத்தில் தண்ணீர் உலை கொதிப்பது போல் துள்ளியது. நெத்திலி. தண்ணீருக்கு மேல் வெள்ளி வெள்ளியாகக் குதித்துக்கொண்டு ஒரு பெரிய நெத்திலிக் கூட்டம் பாறையை நோக்கி வந்தது.

நூர் பீவி எழுந்து நின்றாள்.

கொதித்துக்கொண்டிருந்த தண்ணீருக்கு நடுவில் ஒரு வாய் எழுந்தது. அதை வாய் என்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது. மேல்தாடை பெரிய அரிசிப் பெட்டியின் மூடி போல நட்டக்குத்தலாக நிமிர்ந்து நின்றது. கீழ்த்தாடை தண்ணீரோடு தண்ணீராக அகன்று விரிந்தது. தொண்டையில் கொசுவம் வைத்தது போல நீள நீளமான மடிப்புகள். அவை ஒவ்வொன்றாகப் பிரிந்து பலூனாகப் புடைத்தன. உள்ளே இளஞ்சிவப்பு. நெத்திலிகள் தாமாகவே அதற்குள் துள்ளி விழுந்தன. ஆலாக்கள் அந்த வாய்க்குள்ளேயே புகுந்து ஆளுக்கொன்று கொத்திக்கொண்டு பறந்தன. அவ்வளவு பெரிய பிராணி அதற்காகக் கோபப்படவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரன் ஒரு அப்பளம் எடுத்தால் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார்களே சில பெரிய மனிதர்கள், அப்படி இருந்தது. பிறகு அவசரமே இல்லாமல் வாயை மூடியது. ஓரங்களில் தண்ணீர் மடைதிறந்து கொட்டியது. உடம்பு சாய்ந்து உள்ளே போக, நூர் பீவி போன வருஷம் பார்த்த அதே முதுகு உருண்டது, முடியாமல் உருண்டது.

மூச்சு விட்டது. அந்தச் சத்தம் இருவர் நெஞ்சுக்குள்ளும் கேட்டது. பின்னாலேயே மீன் வாடை வந்து முகத்தில் அறைந்தது.

மறுபடியும் எழுந்தது. பக்கத்தில் அதில் கால்வாசிகூட இல்லாத ஒரு குட்டி. தாயைப் பார்த்து அதுவும் வாயை நிமிர்த்தித் திறந்தது. இடம் தப்பு, மீன் இல்லாத இடத்தில் திறந்துகொண்டு காத்திருந்தது. ஒன்றும் விழவில்லை. மூடி, நகர்ந்து, மறுபடி திறந்தது. தாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து அது முடிக்கும் வரை நின்றது. நூர் பீவிக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இப்படி ஒன்று இருக்கிறதே, தான் உயிரோடிருக்கிற காலத்தில், தன் கண்ணுக்கு எதிரே இருக்கிறதே என்பதுதான் காரணம்.

திரும்பிப் பார்த்தால் சிக்கந்தர் பக்கத்தில் இல்லை. முழங்கால் அளவு தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். செருப்புக் கால், நல்ல கைலி, எதையும் அவர் கவனிக்கவில்லை. தொப்பி கையில் இருந்தது. வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நூர் பீவி இறங்கிப் போய் அருகில் நின்றதும், வெளியிடத்தில் மனைவியின் விரலைக்கூடத் தொடாதவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"ஸுப்ஹானல்லாஹ்," என்றார் கடைசியில், தனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

எத்தனை தடவை அந்த வாய் எழுந்தது என்று இருவரும் எண்ணவில்லை. மீன் கூட்டம் கலைந்து, பறவைகள் அடங்கி, இரண்டு மூச்சுகள், ஒன்று பெரிது ஒன்று சின்னது, மேற்கே போய்ப் போய்ச் சிறுத்து மறைந்தன.

இருவரும் கெரேத்தாவில் திரும்பினார்கள். முச்சந்தியில் டுரியான் குவிந்து கிடந்தது. அதைத் தாண்டிப் போனதை இருவருமே கவனிக்கவில்லை.

வாசலில் சித்தி ஆயிஷா நின்றாள். "டுரியான் எங்கே?"

"சரியா விழலையாம் அக்கா," என்றார் சிக்கந்தர். முன்பு வந்த கூடையின் தோல் இன்னும் கொல்லையில் கிடந்தது. சித்தி ஆயிஷா தம்பியின் கைலியை மேலிருந்து கீழே பார்த்தாள், "ம்" என்றாள், உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நூர் பீவி காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இவர் கடைத்தெருவில் வாயைத் திறப்பார். மதியத்துக்குள் ஊரே பேசும். மச்சி காதுக்கும் வரும். மதியத்துக்கு மேல் அப்துல் காதரின் மனைவி ஹபீபா பீவி வந்தாள். சித்தி ஆயிஷாவோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு சும்மா கிண்டலுக்குக் கேட்டாராம், என்ன அண்ணே, உங்க திமிங்கலம் ஏதாச்சும் தகவல் அனுப்பிச்சான்னு. உங்க தம்பி தலையைக் கூடத் தூக்கலையாம். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல காதரு, விடு'ன்னுட்டாராம். பாவம், அவரே ஒத்துக்கிட்டாரு. இனிமேலாச்சும் உங்க வீட்டுப் புள்ள சும்மா இருக்கட்டும்லா."

அடுப்படியில் நின்ற நூர் பீவி கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். முழுத் திமிங்கலத்தை மறைப்பவரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இல்லாத கண்ணைச் சிமிட்ட வைத்தவர், கண்ணால் பார்த்ததை இல்லை என்கிறார். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

சாயங்காலம் கிணற்றடியில் முகம் கழுவ வந்தவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, பார்த்தீங்கதானே? என் கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்கதானே?"

சிக்கந்தர் செம்பைக் கீழே வைத்தார். "பார்த்தேன்."

"அப்புறம் ஏன் இல்லேன்னீங்க?"

"காலையிலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன் புள்ள." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். "நான் என்ன சொன்னாலும் பாதியைக் கழிச்சிட்டுத்தான் கேப்பானுங்க. அது வியாபாரம், பரவால்ல. இதுல அவன் எதைக் கழிப்பான்? வாயையா? குட்டியையா? காதரு சிரிச்சிக்கிட்டே பாதி விலைக்குக் கேக்கறதுக்கு நான் அதைக் கடையில விரிக்கணுமா? எனக்கு மனசு வரல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம்னு பார்த்தேன். கூட்டறதுக்கு மேல எடமே இல்ல," என்றார்.

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் மனசின் மூலையில் ஒன்று முனகியது. "மச்சிகிட்டயாவது..."

"அக்காவுக்கு என் வாயைத் தெரியாதா? நான் சாட்சி சொன்னா உன் பேரு இன்னும் கெடும்."

அதுவும் உண்மைதான். நூர் பீவி தலையை ஆட்டினாள். சரி, இந்த வீட்டில் நம் சொல் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், பார்த்தது பார்த்ததுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு இரவுச் சோற்றைப் பரிமாறினாள்.

மறுநாள் காலையில் சமையற்கட்டில் இருவர் மட்டும் இருந்தார்கள். நூர் பீவி மீன் அலசினாள். சித்தி ஆயிஷா வெங்காயம் உரித்தாள்.

"பாலிக் புலாவ் போனவங்க," என்று சித்தி ஆயிஷா ஆரம்பித்தாள், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "டுரியான் காலத்துல வெறுங்கையோட வந்தீங்க. அவன் கைலியில முழங்கால் வரைக்கும் உப்பு பூத்திருந்துச்சு. நான்தான் துவைச்சேன்."

நூர் பீவியின் கை நின்றது.

"ஹபீபா சொன்னதை நீயும் கேட்டேல்ல? ஒண்ணுமில்லன்னு சொன்னானாம்." சித்தி ஆயிஷா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "நான் வளர்த்த புள்ள அவன். எனக்குத் தெரியாதா? அவன் பார்க்காம வந்திருந்தா, பார்த்தேன்னு சொல்லியிருப்பான்."

நூர் பீவி நிமிர்ந்தாள். சித்தி ஆயிஷாவின் கண்ணில் தண்ணீர் நின்றது, வெங்காயமாகவும் இருக்கலாம்.

"நீ அன்னிக்குப் பார்த்தது நெசந்தான்," என்றாள் சித்தி ஆயிஷா. கத்தியை வைத்துவிட்டுப் பலகையை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மீனு கெடக்கட்டும். சொல்லு, எவ்வளவு பெரிசு?"

நூர் பீவி கையைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். ஒரு முழம்கூடக் கூட்டவில்லை.